காரணம் கேட்காத வரைபடம்

கிராம ஊராட்சி எல்லைக்குள் கட்டட அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் ஒருவரிடம் பட்டா கேட்கிறார்கள், கிரையப் பத்திரம் கேட்கிறார்கள், புல வரைபடம் கேட்கிறார்கள், பொறியாளர் கையெழுத்திட்ட கட்டட வரைபடம் கேட்கிறார்கள். பக்கத்தில் எத்தனை அடி விட்டிருக்கிறது, முன்னால் உள்ள சாலை எவ்வளவு அகலம், மொத்தத் தரைப்பரப்பு எவ்வளவு என்று சரிபார்க்கிறார்கள். இவை வேண்டியவைதான். ஆனால் இந்தக் கட்டடம் ஏன் இந்த மனையில், இந்த உயரத்தில், இந்தப் பக்கம் வாசல் வைத்து எழும்புகிறது என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. தெருவில் நிற்கும் ஒரு மனிதர் அதன் உள்ளே எப்படிப் போய்ச் சேர்வார் என்ற கேள்வியும் இல்லை. அவர் கோலூன்றி நடப்பவராகவோ கண் தெரியாதவராகவோ எட்டு மாதக் கர்ப்பிணியாகவோ இருக்கலாம். அவர் வருவதற்கான வழியை வரைபடத்தில் ஒரு கோடாகக் காட்டிவிட்டால் போதும் என்பதே இன்றைய நடைமுறை.

இந்தக் குறை பெருநகரத்தைவிடக் கிராமத்தில்தான் கடுமையாக உறுத்துகிறது என்பது என் கருத்து. நகரத்தில் ஒரு வங்கிக் கிளைக்குள் ஏற முடியாவிட்டால் இன்னொரு கிளை உண்டு. கிராமத்தில் நியாயவிலைக் கடை ஒன்றுதான், ஊராட்சி அலுவலகம் ஒன்றுதான், தேர்தலன்று வாக்குச்சாவடியாகும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த ஒன்றில் ஏற முடியாதவர் ஊரின் பொதுவாழ்விலிருந்தே வெளியே நின்றுவிடுகிறார். அதனால் இந்தக் கட்டுரைக்குக் கரிசல் மண்ணில் இருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். கோவில்பட்டிக்கு மேற்கே, பழைய சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்த இளையரசனேந்தல் அது.

அந்த ஊருக்குப் போகுமுன் ஒரு முன்னுதாரணம். ஏன் இப்படிக் கட்டுகிறோம், உள்ளே எப்படிப் போய்ச் சேர்வது என்ற அந்த இரண்டு கேள்விகளையும் இங்கிலாந்தில் சட்டமே கேட்டது. 2004-இல் இயற்றப்பட்ட திட்டமிடல் சட்டத்தின் 42-ஆவது பிரிவின் வழியாக வந்த ஒரு கட்டாயம் 2006 ஆகஸ்டு 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான கட்டட விண்ணப்பங்களோடு ‘வடிவமைப்பு மற்றும் அணுகல் அறிக்கை’ ஒன்றை எழுதி இணைக்க வேண்டும் என்பதே அந்தக் கட்டாயம். அறிக்கையின் முதல் பாதி கட்டடத்தின் பயன், அளவு, மனையில் அது அமையும் விதம், உயரம், மரஞ்செடிகள், தோற்றம் ஆகியவற்றை விளக்கும். அவை இருக்கின்றன என்று சொன்னால் போதாது, ஏன் அப்படி இருக்கின்றன என்றும் சொல்ல வேண்டும். சுற்றுப்புறத்தை எப்படி ஆராய்ந்தோம், அதிலிருந்து இந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். இரண்டாம் பாதி அணுகலுக்கு உரியது. சாலையிலிருந்தும் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் மக்கள் எப்படி வருவார்கள், உள்ளே நுழைவதில் எல்லாருக்கும் சம வாய்ப்பு எப்படி உறுதியாகிறது, இதுபற்றி யாரிடமெல்லாம் கலந்து பேசினோம், அவர்கள் சொன்னதில் எதை ஏற்றோம் என்பதெல்லாம் அதில் வரவேண்டும்.

இது அரசு அலுவலகத்தில் திடீரென்று உதித்த யோசனை இல்லை. இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட செல்வின் கோல்ட்ஸ்மித் என்ற கட்டடக் கலைஞர் 1963-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவமைப்புக் கையேட்டை வெளியிட்டார். பிறகு நாரிச் நகரத்தில் சக்கர நாற்காலியில் செல்லும் மக்களையே நேரில் கண்டு பேசி ஆய்வு நடத்தினார். கட்டடத்தைப் பயன்படுத்தப் போகிறவரிடம் முதலில் கேள் என்ற பழக்கம் அங்கே வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 2006-இல் வந்த கட்டாயத்துக்குப் பின்னால் 40 ஆண்டு உழைப்பு இருக்கிறது.

நம் மண்ணிலும் இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. சென்னை ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-இல் இங்கு வந்த நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ், தஞ்சாவூர், மதுரை போன்ற ஊர்களைப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். திட்டம் போடுவதற்கு முன் ஊரை நடந்து பார், நீர் எங்கே ஓடுகிறது, மக்கள் எந்தச் சந்து வழியாகப் போகிறார்கள் என்று குறித்துக்கொள், வெட்ட வேண்டியதை மட்டும் வெட்டு என்பது அவர் முறை. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது, 1971-இல் இன்றைய நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. விதிகள் பெருகின. கெடிஸ் வலியுறுத்திய அந்த முதல் வேலை, நடந்து பார்த்து எழுதும் வேலை, எந்த விதிக்குள்ளும் இடம்பெறவில்லை.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு திட்டவட்டமாகப் பேசுகிறது. மத்திய அரசு வகுக்கும் அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்கு, அரசு நிறுவனமாயினும் தனியார் நிறுவனமாயினும், கட்டட அனுமதி தரக்கூடாது. கட்டி முடித்த பிறகு அந்த விதிகளுக்கு உட்படவில்லை என்று தெரிந்தால் நிறைவுச் சான்றும் தரக்கூடாது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு. அந்தச் சட்டத்தின் விதிகள் 2017 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டன. ஐந்து ஆண்டு 2022 ஜூன் மாதத்திலேயே முடிந்துவிட்டது. மீறுவோருக்கு முதல்முறை 10,000 ரூபாய் வரையிலும், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க 89-ஆவது பிரிவு இடம்தருகிறது.

ஆனால் அந்த விதிகளில் ஒரு பொத்தல் இருந்தது. அணுகல் தரநிலைகள் குறித்த 15-ஆவது விதி, கட்டாயத் தன்மையற்ற வழிகாட்டு நெறிகளையே சுட்டியது. பார்வைத் திறன் இழந்தவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2017 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. அதன் உத்தரவுகள் போதிய அளவுக்கு நிறைவேறாத நிலையில் வழக்கு நீண்டு, 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அந்த 15-ஆவது விதி மூலச் சட்டத்துக்கே முரணானது என்று அறிவித்தது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி பரிந்துரையாகக் குறைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு அது ஆணையிட்டது. ஒரு தனிமனிதர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்று பெற்ற தீர்ப்பு இது. கட்டட அனுமதியில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் அதை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும்.

இதெல்லாம் இளையரசனேந்தலில் என்ன பொருள்படும்?

முதலில் அலுவலகத்தைப் பார்ப்போம். இளையரசனேந்தல் குறுவட்டத்தின் 12 ஊராட்சிகள் சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, வருவாய் நிர்வாகத்துக்காகத் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டன. ஊராட்சி நிர்வாகமோ குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றது. அந்த ஒன்றியம் அப்போது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் 22 முதல் புதிய தென்காசி மாவட்டம். பட்டாவுக்கும் புல வரைபடத்துக்கும் ஒரு மாவட்டம், கட்டட மதிப்பீட்டுக்கும் ஒன்றியப் பொறியாளருக்கும் வேறொரு மாவட்டம் என்ற நிலை ஏற்பட்டது. கோவில்பட்டி ஒன்றியத்தோடு தங்களைச் சேர்க்கக் கோரி இந்த ஊராட்சி மக்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்துப் போராடியிருக்கிறார்கள். கட்டடத்தின் அணுகலைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் இழுக்கிறேன் என்றால், அணுகல் வாசற்படியில் தொடங்குவதில்லை. மனு கொடுக்கப் போக வேண்டிய மேசை எங்கே இருக்கிறது என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. நடக்க முடியாத ஒருவர் தன் வீட்டு வாசலைத் தாழ்த்திக் கட்ட விரும்பி ஆவணம் திரட்ட வேண்டுமென்றால், இரண்டு மாவட்டத்துப் பேருந்துகளில் ஏறி இறங்கச் சொல்வது எப்படி முறையாகும்? நல்ல அணுகல் அறிக்கை ஒன்றின் முதல் வரி, இந்த விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் யாரால் முடிவு செய்யப்படுகிறது என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது மண். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்து மேலெழும் நிலம், சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். இந்த மண்ணில் அஸ்திவாரம் போடுவது தனிக் கலை. கருப்பு மண்ணைத் தோண்டியெடுத்து, உப்பாத கிராவலைப் படுகை படுகையாக நிரப்பி, தண்ணீர்விட்டு இடித்து, அதன்மேல் எழுப்புவார்கள். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காகவே, அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களைப் பரவலாக்கியது. மண் அசையாத ஆழத்தில் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ள, மேலே நிலம் உப்பினாலும் சுருங்கினாலும் கட்டடம் ஆடாது.

கட்டடத்துக்கு இவ்வளவு பாடுபடுகிறார்கள். சாய்தளத்துக்கு? வேலையெல்லாம் முடிந்து வெள்ளையடிக்கும் நேரத்தில், வாசலுக்கு முன்னால் கரிசலின் மேலேயே நாலு சட்டி ஜல்லியைக் கொட்டி, கலவை பூசிச் சரித்துவிடுவது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. இரண்டு மழை போனால் கட்டடம் இருந்த இடத்தில் இருக்கும், சாய்தளம் விலகிக்கொள்ளும். நடுவில் ஓர் அங்குலப் பிளவு, அதோடு ஓர் அங்குல உயர வேறுபாடு. நடப்பவர் கண்ணில் அது படவே படாது. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது. அந்தப் பிளவில் அது மாட்டினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் தூக்கியெறியப்படுவார். சாய்தளத்தைக் கட்டடத்தின் உறுப்பாகக் கருதி அதற்கும் அஸ்திவாரம் போட வேண்டும், அந்தச் செலவு முதல் மதிப்பீட்டிலேயே சேர வேண்டும் என்பதைக் கரிசல் ஊர் ஒவ்வொன்றின் அறிக்கையும் சொல்லியாக வேண்டும். பிற்பாடு ஒட்டவைக்கும் எதையும் இந்த மண் ஏற்காது.

உயரத்தின் கணக்கு இன்னும் கண்டிப்பானது. மழைநீருக்கும் பூச்சிபொட்டுக்கும் அஞ்சி நம் ஊர்களில் பேஸ்மட்டத்தை இரண்டடி, மூன்றடி உயர்த்துகிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவர் தன் கைவலிமையால் ஏறக்கூடிய சரிவுக்கு 1:12 என்பது நம் தரநிலைகள் வைத்திருக்கும் மேல் எல்லை. கொத்தனார் மொழியில் சொன்னால், ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். இரண்டடி பேஸ்மட்டத்துக்கு 24 அடி நீளச் சாய்தளம். மூன்றடிக்கு 36 அடி, நடுவில் நின்று இளைப்பாற ஒரு சமதளத்தோடு. வாசலிலும் திருப்பத்திலும் நாற்காலி சுற்ற ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். அகலம் நாலடி. ஓரத்தில் கைப்பிடி. பல கட்டடங்களில் 24 அடி வேண்டிய இடத்தில் எட்டடி இருக்கிறது. எட்டடியில் இரண்டடி ஏறுவது 1:4 சரிவு. அதில் பின்னாலிருந்து தள்ளுகிறவருக்கே மூச்சு முட்டும், இறங்கும்போது பிடித்து நிறுத்தவும் முடியாது. அப்படி ஒன்று இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல். ஏனென்றால், ‘சாய்தளம் உள்ளது’ என்று பதிவேட்டில் எழுதிக் கேள்வியை மூடிவிட அது உதவுகிறது.

இதே கணக்கை வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டப்படும் வீடு 360 சதுர அடி. இரண்டடி பேஸ்மட்டத்தில் அதை எழுப்பினால், முறையான சாய்தளம் மட்டும் 96 சதுர அடி பிடிக்கும். வீட்டின் பரப்பில் கால் பங்குக்கு மேல்! இதைக் கேட்டவுடன், ஏழை வீட்டில் இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்கத் தோன்றும். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். சாய்தளத்தைக் கடைசியில் நினைத்தால் கால் பங்கு, முதலில் நினைத்தால் அவ்வளவு ஆகாது. மனையில் மேடான பக்கம் எது என்று பார்த்து அந்தப் பக்கம் வாசல் வைக்கலாம். முற்றத்தையே மெல்ல மெல்ல உயர்த்தி வாசல்வரை கொண்டுவரலாம். மழைநீரை வெளியே விட வாய்க்கால் வெட்டி, பேஸ்மட்டத்தை ஓரடியில் நிறுத்தலாம். அப்போது 24 அடி 12 அடியாகிவிடும். அறிக்கை எழுதும் வேலையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. வரைவதற்கு முன் அது நம்மை யோசிக்கவைக்கிறது. வரைந்த பிறகு எழுதும் அறிக்கை, செய்துவிட்டதற்குச் சமாதானம் தேடும் காகிதம்.

இன்னொன்று. தரநிலைகளின் அளவுகள் பெரும்பாலும் சக்கர நாற்காலியை வைத்தே பேசப்படுகின்றன. கிராமத்துத் தெருவில் அதிகம் காண்பது கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியும், அரசு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரும்தான். இவை நாற்காலியைவிட நீளமானவை, திரும்ப அதிக இடம் கேட்பவை. ஐந்தடிச் சதுரத்தில் அவை சுற்றா. வண்டியை எங்கே நிறுத்துவார், அங்கிருந்து எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார், அவர் உள்ளே இருக்கும்போது வண்டி வெயிலில் காயாமல் நிழல் உண்டா என்று கேட்க வேண்டும். டெல்லியில் அச்சான கையேடு இதைக் கேட்காது, ஊர்க்காரர் கேட்பார்.

இனி, சங்கடமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. தமிழ்நாட்டில் அணுகல் என்பது சரிவும் கைப்பிடியும் மட்டுமன்று. ஒரு பொதுக் கட்டடம் எந்தத் தெருவில் நிற்கிறது, அதை அடைய யார் எந்தத் தெருவைக் கடக்க வேண்டும் என்பதும் அணுகல்தான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவர், தலித் மக்களின் வழியை மறித்து 2008 வரை நின்றது. அந்த ஆண்டு மே 6 அன்று அதில் ஒரு பகுதியை இடித்துத்தான் பாதை விடப்பட்டது. எந்த வரைபடமும் அந்தச் சுவரை அணுகல் தடை என்று குறித்திருக்காது. அங்கன்வாடியோ நூலகமோ நியாயவிலைக் கடையோ கட்டும்போது, ‘ஊரின் எல்லாப் பகுதியினரும் தயக்கமின்றி நடந்து வரும் பாதையில் இந்த மனை இருக்கிறதா’ என்ற கேள்விக்கு எழுத்தில் விடை கேட்க வேண்டும். இங்கிலாந்தின் படிவத்தில் இந்தக் கேள்வி இருக்காது. நம் படிவத்தில் இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, இளையரசனேந்தலில் ஒரு நியாயவிலைக் கடை கட்டப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய வசதிகள் செய்து தரப்படும்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம். அந்த வரியில் பொய்யும் இல்லை, பொருளும் இல்லை. பொறுப்போடு எழுதினால் அறிக்கை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘இந்த மனை பேருந்து நிறுத்தத்திலிருந்து தார்ச்சாலை வழியே வரக்கூடியது. வழியில் ஒரு சாக்கடை குறுக்கிடுகிறது, அதன்மேல் மூடி போட்டுச் சமன்செய்யும் செலவு இம்மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டுள்ளது. அரிசி, சர்க்கரை மூட்டைகள் ஈரம் படாமலிருக்கவும் லாரியிலிருந்து இறக்கவும் கிடங்கின் தரை இரண்டரை அடி உயரத்தில் உள்ளது. பொருள் வாங்க வருவோர் நிற்கும் தாழ்வாரம் சாலை மட்டத்திலிருந்து ஆறு அங்குலமே உயர்ந்துள்ளது, அதற்கு ஆறடிச் சாய்தளம் போதும். சாய்தளத்தின் அடியில் கரிசல் மண் அகற்றப்பட்டுக் கிராவல் நிரப்பப்படும். எடை போடும் மேடையின் ஒரு பகுதி இரண்டரை அடி உயரத்துக்குத் தாழ்த்தப்பட்டுள்ளது, விரல்ரேகைக் கருவி அங்கே வைக்கப்படும். வரிசை நிற்கும் இடத்தில் கூரையும் சுவரோரத் திண்ணையும் உண்டு. மூன்று சக்கர வண்டி நிறுத்தக் கிழக்குப் பக்கம் இடம் விடப்பட்டுள்ளது. ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளிடமும் முதியோரிடமும் கலந்து பேசப்பட்டது. வாசல் மேற்கே இருந்தால் மாலை வெயில் முகத்தில் அடிக்கும் என்று அவர்கள் சொன்னதால் வாசல் வடக்குக்கு மாற்றப்பட்டது.’

ஒரு பக்கம்கூட ஆகவில்லை. ஆனால் இதை எழுத முனைந்தவர், மூட்டை இருக்க வேண்டிய உயரமும் மனிதர் நிற்க வேண்டிய உயரமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்பதைக் கண்டுகொள்கிறார். ஒரே மாதிரி வரைபடத்தை ஊர் ஊராக நகலெடுத்துக் கட்டும்போது இந்தக் கண்டுபிடிப்பு நிகழவே வழியில்லை. மாதிரி வரைபடம் செலவைக் குறைக்கிறது, கட்டும் வேகத்தைக் கூட்டுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடும் பள்ளமும் மண்ணும் ஊருக்கு ஊர் மாறுகின்றன, வரைபடம் மாறுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அறிக்கை வேண்டும்.

மனையைப் படிக்காமல் செய்த நல்ல காரியத்துக்கு என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் ஒரு சாட்சி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்ல வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையை ஏற்று, மெரினாவில் 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை ஒன்று 1.14 கோடி ரூபாயில் அமைக்கப்பட்டு 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கிட்ட நின்று பார்த்தவர்களின் முகங்களை அன்று நாடே பார்த்தது. இரண்டு வாரம் முடிவதற்குள் மாண்டஸ் புயலில் அதன் கடலோர முனை சிதைந்தது. பிறகு பழுதுபார்த்தார்கள். அணுகல் பாதி மிகச் சரியாக இருந்தது, வடிவமைப்புப் பாதியில் வங்கக் கடலின் டிசம்பர் மாதத்துக்குப் போதிய இடம் இல்லை. இரண்டையும் ஒரே அறிக்கையில் சேர்த்து எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இந்த யோசனைக்கு எதிரான வாதமும் வலுவுள்ளதுதான். இங்கிலாந்திலேயே சில ஆண்டுகளில் இந்த அறிக்கைகள் சடங்காகிப்போயின என்ற குறை எழுந்தது. ஒரே வாசகங்கள் விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் ஒட்டப்பட்டன. சிறு வேலைக்கும் கட்டணம் கொடுத்து அறிக்கை எழுதவைக்க வேண்டியிருந்தது. 2013 ஜூன் முதல் பெரிய கட்டுமானங்களுக்கும், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் சில வகைக் கட்டடங்களுக்கும் மட்டுமே அறிக்கை கட்டாயம் என்று சுருக்கிவிட்டார்கள். ஏற்கெனவே காகிதங்களின் எண்ணிக்கையால் திணறும் நம் ஊர் மக்கள்மேல் இன்னொரு காகிதத்தைச் சுமத்தலாமா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது.

தமிழ்நாடு இப்போது செல்லும் திசையும் இதற்கு எதிர்த்திசைதான். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் இணையவழியில் உடனடியாக அனுமதி பெறலாம். அனுமதிக்காக நடையாய் நடந்த மக்களுக்கு இது பெரிய விடுதலை. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சொந்த வீடு கட்டும் குடும்பத்திடம் அறிக்கை கேட்க வேண்டியதில்லை. விருப்பமுள்ளவர் படித்துப் பயன்பெற ஒரு பக்கக் குறிப்பேட்டை அனுமதியோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். அறிக்கை கேட்க வேண்டியது பொதுக் கட்டடங்களுக்கு. பொதுப் பணத்தில் கட்டுவதற்கும், பொதுமக்கள் வந்துபோகும் பள்ளி, மருத்துவமனை, வங்கி, கல்யாண மண்டபம் போன்றவற்றுக்கும். இவை எண்ணிக்கையில் குறைவு, தாக்கத்தில் பெரியவை. ஊராட்சிக் கட்டடங்களில் அறிக்கையை மதிப்பீட்டோடு இணைத்துவிட்டால் தனி விண்ணப்பம்கூடத் தேவைப்படாது.

ஒட்டி எழுதும் நோய்க்கு மருந்து, அறிக்கையை யார் படிக்கிறார் என்பதில் இருக்கிறது. அலுவலர் மட்டும் படிக்கும் காகிதம் விரைவில் சடங்காகும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. கட்டப்போகும் ஒவ்வொரு பொதுக் கட்டடத்தின் அறிக்கையையும் அங்கே தமிழில் உரக்கப் படிக்க வேண்டும். ‘சாக்கடை குறுக்கிடுகிறது’ என்று எழுதாமல் விட்டிருந்தால், அந்தச் சாக்கடையை நாள்தோறும் தாண்டும் மூதாட்டி எழுந்து சொல்வார். ‘எல்லாரும் வரக்கூடிய தெரு’ என்று பொய்யாக எழுதியிருந்தால் அதை மறுக்க ஆள் இருப்பார். அப்படி எழுந்து சொல்லும் துணிவு எல்லா ஊரிலும் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதை அறிவேன். அதனால் எழுத்தில் பதிவாக வேண்டும். யாரிடம் கேட்டோம், அவர்கள் என்ன சொன்னார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்ற நான்கும் கையெழுத்தோடு இருந்தால், பிற்பாடு கேள்வி கேட்பவர் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தாலும் அது துணைநிற்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. மூட்டுவலியால் படியேற முடியாத முதியவர்களும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பையையும் தூக்கும் தாய்மாரும் அந்த எண்ணிக்கையில் இல்லை. கட்டடத்தின் வாசல் இவர்கள் எல்லாருக்கும் உரியது.

இளையரசனேந்தல் உள்ளிட்ட 12 ஊராட்சிகளில் அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாகக் கட்டப்போகும் எந்தப் பொதுக் கட்டடத்துக்கும் தீர்மானம் வருமுன், பேஸ்மட்டம் எத்தனை அடி, சாய்தளம் எத்தனை அடி, அதன் கீழே என்ன மண், வாசல் ஏன் அந்தப் பக்கம் என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டமும் 2024-ஆம் ஆண்டின் தீர்ப்பும் உங்கள் பக்கம் இருக்கின்றன.